எங்க ஆயா கலரு

ஆயா செத்த மூணாம் நாள். வடக்கனந்தல் காலனியில் எங்க வீட்டு வாசலில் போட்ட பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. காரியத்துக்கு பிளக்ஸ் அடிக்கணும், வீட்டில் மாட்ட ஒரு பிரேம் போடணும். எண்பது வருசத்துக்கு மேல் வாழ்ந்த மனுசிக்கு மொத்தம் மூணே மூணு போட்டோ. வாக்காளர் அட்டையில் ஒன்று, அதில் முகம் மை கொட்டின மாதிரி. ஆதாரில் ஒன்று, அதில் யாரோ அதட்டினவுடன் திரும்பினவள் மாதிரி. மூன்றாவது, தம்பி பழைய செல்போனில் எடுத்தது. கரும்பு வெட்டி முடிந்த கொல்லையில் மாட்டுக்குக் கொழுந்தாடை பொறுக்கிக் கட்டி, கட்டுப் பக்கத்தில் நிற்கிறாள். பின்னால் கல்வராயன் மலை. சாயங்காலம். சிரிக்கிறாள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். நான், சித்தப்பா, அத்தை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் நம்ம பக்கத்துப் பையன்தான். படத்தைத் திறந்தான், நாலு தட்டு தட்டினான், முகத்தை வெட்டி எடுத்து நீல வானம், மலர்மாலை எல்லாம் போட்டுத் திருப்பிக் காட்டினான். சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா கலரா வந்திருக்குடா" என்றார். அத்தை கிட்டப் போய்ப் பார்த்தாள். "யாருடா இது? ஊர்த்தெரு அம்மா மாதிரி இருக்குது."

பையனுக்குக் கோபம் வரவில்லை. இந்தப் பேச்சு அவனுக்குப் புதுசில்லை போல. "அத்தை, இந்தா பாருங்க ஒரிஜினலு" என்று முதல் படத்தைப் போட்டான். மலைக்குப் பின்னால் இறங்குகிற சூரியன், பளபளவென்று வானம், அதற்கு முன்னால் சேலை கட்டின ஒரு நிழல். பல்லு மட்டும் வெள்ளை. மூக்கு எது, கண்ணு எது தெரியவில்லை. அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "இதுவும் எங்கம்மா இல்ல."

அப்போது அந்தப் பையன் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கு முதல். "அண்ணா, ஒரிஜினல்னு ஒண்ணு கெடையாதுண்ணா. நான் தொடறதுக்கு முன்னாடியே போனு அதுவா ஒரு கலரு போட்டுடுச்சி."

அவன் சொன்னது அட்சரசுத்தமான உண்மை. கேமராவின் சென்சாருக்குக் கலர் தெரியாது, வெளிச்சம் எவ்வளவு விழுந்தது என்பது மட்டும்தான் தெரியும். 1976இல் கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் காப்புரிமை வாங்கிய முறைப்படி ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் ஒரு சின்ன வடிகட்டி இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம், இதில் பச்சை மட்டும் இரண்டு பங்கு. ஒரு புள்ளியில் இல்லாத மற்ற இரண்டு கலரை, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து யந்திரம் ஊகித்துப் போடுகிறது. வெள்ளை எது என்று அது ஒரு முடிவு எடுக்கிறது. எவ்வளவு வெளிச்சம் போதும் என்று இன்னொரு முடிவு. கண்ணில் படுகிற எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் ஒரு நடுத்தரமான சாம்பல் வரும் என்பது வெளிச்சம் அளக்கிற கருவியின் பழைய நம்பிக்கை. பளிச்சென்ற வானம் படத்தில் பாதி இருந்தால், அதை அடக்குவதற்காக மொத்தப் படத்தையும் கருக்கும். வெளுத்த முகம் அந்தக் கருக்கலைத் தாங்கும். எங்க ஆயா முகம் தாங்காது. எனவே "எடிட் பண்ணலாமா கூடாதா" என்று கேட்பது பாதிக் கேள்வி. ஏற்கனவே எடிட் ஆகித்தான் நம்ம கைக்கு வருகிறது. எவ்வளவு மாற்றுவது, யார் சொல்லி மாற்றுவது, யாருக்காக மாற்றுவது என்பதுதான் மீதி. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

முதலில் அந்த வார்த்தையைப் பார்ப்போம். தமிழில் "பொண்ணு கலரா இருக்கா" என்றால் வெள்ளையா இருக்கா என்று அர்த்தம். கருப்பு, கலர் கணக்கிலேயே வராது. "மாநிறம்" என்பது பெண் பார்க்கிற இடத்தில் இரண்டு தரப்பும் செய்துகொள்கிற சமாதான உடன்படிக்கை. "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பதில் அந்த "இருந்தாலும்" செய்கிற வேலையை யோசித்துப் பாருங்கள். கருத்த பார்ப்பானையும் செவத்த பறையனையும் நம்பாதே என்று ஒரு பழமொழியையே செய்து வைத்திருக்கிறார்கள். சாதிக்கும் தோல் கலருக்கும் நேர்க்கோடு கிடையாது என்பது அந்தப் பழமொழியைச் சொன்னவனுக்கே தெரிந்திருக்கிறது. நம்ம காலனியில் செக்கச்செவேலென்று ஆட்கள் உண்டு, அக்கிரகாரத்தில் அட்டைக் கருப்பு உண்டு. தெரிந்தும், கோடு இருக்கணும் என்ற ஆசை. கோடு இல்லாத இடத்தில் கோடு இழுப்பதற்குத்தான் படம் பயன்பட்டது.

1839இல் பாரிசில் புகைப்படம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. இருபது வருசத்துக்குள் சென்னை ராஜதானிக்குச் சர்க்காரே ஒரு புகைப்படக்காரரை வைத்துக்கொண்டது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. மதுரை, தஞ்சாவூர் கோயில்களையெல்லாம் எடுத்து 1858இல் தொகுதிகளாக வெளியிட்டார். அவருடைய படங்களில் வானத்தில் அழகான மேகங்கள் இருக்கும். அவற்றில் பல அவர் நெகட்டிவில் கையால் வரைந்தவை. காரணம் உண்டு. அந்தக் காலத்து ரசாயனப் பூச்சுக்கு நீலமும் ஊதாவும் மட்டும்தான் கண் தெரியும். மஞ்சள், சிவப்பு, காவி எதுவும் அதற்குத் தெரியாது. நீல வானம் அளவுக்கு மேல் பதிந்து அச்சில் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். அதனால் வானத்துக்கு வண்ணம் தொட்டு மேகம் போட்டார்கள். ஆக, எடிட்டிங் நேற்று போட்டோஷாப் கொண்டுவந்தது இல்லை. தமிழ்நாட்டுக்குப் படம் வந்தபோதே கூட வந்தது.

இப்போது அதே பூச்சுக்கு முன்னால் ஒரு மனுசரை நிறுத்துங்கள். நம்ம தோலில் இருக்கிற பழுப்பும் சிவப்பும் அதற்குத் தெரியாத கலர்கள். கண்ணுக்குத் தெரிகிறதைவிடக் கூடுதலாகக் கருப்பாகப் பதிவாகும். சிவப்புச் சேலை கருப்பாகும், குங்குமம் கரியாகும், ரத்தம் கருப்பு. நீலம் மட்டும் வெளுத்துப்போகும். (நம்ம நீலக்கொடியை அன்றைக்கு அந்தத் தட்டில் எடுத்திருந்தால் வெள்ளைக்கொடியாகத்தான் விழுந்திருக்கும்!) 1868 முதல் 1875 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற புத்தகம் வந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்தது. 1857 கலகத்துக்குப் பிறகு, ஆளுகிறவர்களுக்கு யார் எந்தச் சாதி, யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று தெரிய வேண்டியிருந்தது. அந்தப் புத்தகம் மக்களைச் சாதி சாதியாக, குலம் குலமாகப் பிரித்து, படத்துக்குப் பக்கத்தில் குணத்தை எழுதி வைத்தது. அந்தப் படங்களில் இருக்கிற கருப்பு, பாதி மனுசருடையது, பாதி ரசாயனத்துடையது. வானத்துக்கு மேகம் வரைந்து சரிசெய்யலாம் என்று தெரிந்த தொழிலில், முகத்தைச் சரிசெய்ய யாருக்கும் தோன்றவில்லை. அல்லது அது சரியில்லாமல் இருப்பதாகவே தெரியவில்லை.

1874இல் வெளிநாடு போகிற ஆங்கிலேயர்களுக்காக அச்சான மானிடவியல் கையேட்டில் பிரெஞ்சுக்காரர் புரோக்கா தயாரித்த தோல் கலர் அட்டவணை சேர்க்கப்பட்டது. ஆளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து எண் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் ஃபான் லூஷான் 36 கண்ணாடித் துண்டுகளை வைத்து இன்னொரு அளவுகோல் செய்தார். படத்தின் கலரை நம்ப முடியாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சென்னை எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளராக 1885இல் வந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், படம் எடுத்தார். 1909இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து ஏழு தொகுதிகள் போட்டார். எங்க ஊருக்கு மேலே மலையில் இருக்கிற மலையாளிகளும் அதில் ஒரு தலைப்பு. பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலை எழுதும்போது இந்த மூக்களவுக் கணக்கை அவர்கள் கையிலிருந்தே பிடுங்கி, பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்ற வாதத்தை உடைத்துப் போட்டார். மூக்குக்கு அவர் பதில் சொல்லிவிட்டார். கலருக்கு நாம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

சிவப்பையும் பார்க்கிற பூச்சு வருவதற்கு இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அது ஸ்டூடியோக்களில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1920களுக்குப் பிறகு. அதற்குள் ஸ்டூடியோக்காரர்கள் தங்கள் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நெகட்டிவில் முகம் இருக்கிற இடத்தில் ஒரு மருந்தைத் தடவி, ஊசிபோல் சீவின பென்சிலால் மெல்ல மெல்லத் தேய்ப்பது. நெகட்டிவில் கருத்தால் அச்சில் வெளுக்கும். இதுதான் 'டச்சப்'. போட்டோவுக்கு நிற்பதற்கு முன்னால் ஒரு பவுடர் டப்பா, ஒரு சீப்பு, ஒரு கண்ணாடி, வேண்டியவருக்கு ஒரு கோட்டு. அந்தப் பவுடர் டப்பாவில் யார் யார் கை விட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அதுவே ஒரு சாதி ஒழிப்பு மாநாடு. கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் கலர் ஏற்றுகிறவர்கள் கன்னத்துக்கு ரோஸ், உதட்டுக்குச் சிவப்பு என்று வைத்திருந்தார்கள். ரோஸ் கன்னம் நம்ம ஊரில் யாருக்கு இருந்தது?

இதைச் சொல்லி நான் அந்த ஸ்டூடியோக்காரர்களைக் கேலி செய்யவில்லை. நம்ம ஆட்கள் காசு சேர்த்து, பஸ் ஏறிப் போய், கோட்டுப் போட்டு எடுத்துக்கொண்ட அந்தப் படம்தான், வேறொருவன் நிற்கவைத்து எடுக்காமல் தானாகப் போய் நின்ற முதல் படம். அதில் கொஞ்சம் வெளுத்து நிற்கணும் என்று ஒருத்தர் ஆசைப்பட்டால் அதற்கு அவமானப்பட வேண்டியவர் அவர் இல்லை.

கலர் பிலிம் வந்த பிறகு கதை இன்னும் மோசம். கோடாக் கம்பெனி 1950கள் தொடங்கி, லேப்புகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் பெண் அந்தக் கம்பெனியிலேயே வேலை செய்த ஷெர்லி என்பதால், பிறகு ஆள் மாறினாலும் அட்டைக்குப் பெயர் 'ஷெர்லி' என்றே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. அமெரிக்காவில் பள்ளிக்கூட குரூப் போட்டோக்களில் வெள்ளைப் பிள்ளைகள் நன்றாக விழ, கருப்புப் பிள்ளைகளின் முகம் கண்ணும் பல்லுமாக மட்டும் விழுந்தது. தாய்மார்கள் புகார் சொன்னார்கள். எதுவும் நடக்கவில்லை. லோர்னா ராத் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் 2009இல் எழுதிய கட்டுரையில், பிலிம் மாறத் தொடங்கியதன் காரணத்தைக் கோடாக்கில் வேலை செய்தவர்களிடமே விசாரித்துச் சொல்கிறார். சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும், தங்கள் சரக்கின் பழுப்பு வித்தியாசம் விளம்பரப் படத்தில் தெரியவில்லை என்று புகார் கொடுத்தார்களாம். பிள்ளை முகத்துக்கு அசையாத ரசாயனம் சாக்லேட்டுக்கு அசைந்தது. கருப்பு, வெள்ளை, ஆசியப் பெண்கள் மூவரும் சேர்ந்த அட்டை வருவதற்கு 1990களின் நடுப்பகுதி ஆனது.

தென் ஆப்பிரிக்காவில் கருப்பர்கள் எங்கே போனாலும் காட்ட வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் போலராய்டு கம்பெனியின் படங்கள் பயன்பட்டன. அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கருப்பர்கள் 1970இல் எதிர்ப்பு இயக்கம் தொடங்கினார்கள். ஏழு வருசம் விடவில்லை. 1977இல் கம்பெனி அந்த நாட்டை விட்டு வெளியேறியது. படத்தின் அரசியலைப் புரிந்துகொண்டது பெரிய விமர்சகர்கள் இல்லை, அந்தக் கடையிலேயே சம்பளம் வாங்கினவர்கள்.

நம்ம சின்ன ஊர்களுக்கு 80களின் கடைசியிலும் 90களிலும் மினிலேப் வந்தது. ஒரு மணி நேரத்தில் பிரிண்ட். மெஷின்காரர் முன்னால் சில பித்தான்கள் இருக்கும், மஞ்சள் கூட்ட, சிவப்பு குறைக்க, அடர்த்தி ஏற்ற இறக்க. கல்யாண ஆல்பம் வந்தால் அடர்த்தியை ஒரு படி இறக்கு என்பது கேட்காமலே நடக்கிற சேவை. டிஜிட்டலுக்கும் ஒரு ஷெர்லி உண்டு. 1973இல் ஒரு ஆண்கள் பத்திரிகையின் நடுப்பக்கத்திலிருந்து கிழித்தெடுத்து ஸ்கேன் செய்த லேனா என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் ஐம்பது வருசமாகக் கணிப்பொறி விஞ்ஞானிகள் பட நிரல்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 2024இல்தான் ஐ.இ.இ.இ. என்கிற பெரிய பொறியாளர் அமைப்பு, இனி அந்தப் படத்தோடு வரும் கட்டுரைகளை ஏற்பதில்லை என்றது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்ற 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. அந்தக் களிம்பு டப்பா இப்போது செல்போனுக்குள் 'பியூட்டி' என்ற பித்தானாகக் குடியிருக்கிறது.

வெளுப்பாக்குவது மட்டும்தான் பிரச்சினை என்று இருந்துவிடக்கூடாது. கருப்பாக்குவதும் உண்டு. 1994 ஜூன் 27 தேதியிட்ட டைம் இதழ், கொலை வழக்கில் கைதான ஓ.ஜே. சிம்சனின் போலீஸ் படத்தை அட்டையில் போட்டது. அதே படத்தை நியூஸ்வீக் இதழும் போட்டது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. நியூஸ்வீக்கில் ஒரு மனுசர் இருந்தார். டைமில் அதே மனுசர் இரண்டு படி கருத்து, நிழலில் மூழ்கி, தீர்ப்பு எழுதப்பட்டவராக இருந்தார். கலரைக் கொஞ்சம் இறக்கியதுதான் முக்கியமான வேலை. நம்ம சினிமாவில் அடியாளுக்குக் கரி பூசுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

இந்த இடத்தில் நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். 1995 ஆகஸ்டு 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்ததையும், 1997 ஜூன் 30இல் மேலவளவில் நடந்த கொலைகளையும் எழுதிய காலத்தில் நம்ம சிறுபத்திரிகைகளின் அச்சு எப்படி இருந்தது? மட்டக் காகிதத்தில் மை பரவி, சாட்சி சொன்னவர் முகம் ஒரு கருப்புத் திட்டு. காசில்லாத குறை அது, யாரும் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குறையே பிறகு ஒரு அழகியல் ஆகிவிட்டது. தலித் என்றால் கருப்பு வெள்ளை. முகத்தில் ஆயிரம் சுருக்கம். கண்ணில் நீர். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் 'கிளாரிட்டி' என்று ஒரு குமிழ் இருக்கிறது, அதை வலப்பக்கம் நகர்த்தினால் ஒவ்வொரு சுருக்கமும் பள்ளமாகும், தோல் இரும்பாகும், நாற்பது வயசுக்காரி எழுபது வயசாவாள். கூடவே கலரையும் உறிஞ்சிவிடுவார்கள். கல்வராயன் மலைக்கு மாடு மேய்க்கிற கிழவரைத் தேடிக் கேமராவோடு வருகிறவர்கள் பலர் செய்கிற காரியம் இது. மலை பச்சையாக இருக்கும், கிழவர் துண்டு சிவப்பாக இருக்கும், படத்தில் இரண்டும் இருக்காது. வெளுப்பாக்கின பையன் ஆயாவை ஊர்த்தெருவுக்கு அனுப்பினான் என்றால், இவர்கள் கண்காட்சிக்கு அனுப்புகிறார்கள். இரண்டிலும் அவள் வீட்டுக்கு வரவில்லை.

வேறு மாதிரி எடுக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். 2020 ஊரடங்கில் வாடிப்பட்டிக்குத் திரும்பிய ஜெய்சிங் நாகேஸ்வரன் சொந்த வீட்டாரையே எடுத்தார். மீன் விற்கிற தாயின் மகனான பழனிகுமார், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களை வருசக்கணக்காக எடுத்து வருகிறார். அந்தப் படங்களில் இருக்கிறவர்களைத் தங்கள் வீட்டுக்காரர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று பார்த்தவுடன் தெரிகிறது. எனக்கு அந்த அளவுகோல் போதும்.

"ஞாபகத்தை வைத்துத்தான் மாற்றினேன்" என்று சொன்னால் விட்டுவிடலாமா என்று ஒரு கேள்வி வரும். அமெரிக்காவில் ஷார்லட் அப்சர்வர் பத்திரிகையின் புகைப்படக்காரர் பேட்ரிக் ஷ்னைடர், ஏணியில் நிற்கிற தீயணைப்பு வீரரைச் சூரியனுக்கு எதிரே எடுத்தார். படத்தில் பழுப்புச் சாம்பலாக விழுந்த வானத்தைச் செக்கச்சிவப்பாக்கி அனுப்பினார். நேரில் வானம் அப்படித்தான் இருந்தது, கேமராதான் கோட்டைவிட்டது என்றார். 2006இல் அவருக்கு வேலை போனது. உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் 2015இல் கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் ஐந்தில் ஒரு பங்கு இப்படியான திருத்தங்களுக்காகத் தள்ளப்பட்டது. அந்தக் கண்டிப்பு பத்திரிகைக்குச் சரி. அங்கே படம் பார்க்கிறவருக்கு அந்த வானம் தெரியாது, நம்பித்தான் ஆகவேண்டும். எங்க ஆயா படத்தை மாட்டுகிற சுவரில் நிலைமை தலைகீழ். பார்க்கிற அத்தனை பேருக்கும் ஆயாவைத் தெரியும்.

செத்தவர்கள் யாரும் நினைவில் இல்லாத இடத்தில்தான் பெரிய அபாயம். கம்போடியாவில் தூல் ஸ்லெங் சிறையில், கொல்லப்படுவதற்கு முன் எடுக்கப்பட்ட கைதிகளின் கருப்பு வெள்ளைப் படங்களுக்கு ஒருவர் கலர் போட்டார். 2021 ஏப்ரலில் அவை ஒரு செய்தித்தளத்தில் வந்தன. பார்த்தால் சில முகங்களில் சிரிப்பையும் சேர்த்திருக்கிறார். உறவினர்கள் கொதித்தார்கள், படங்கள் எடுக்கப்பட்டன. சென்னை ராஜதானியின் 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவக்காரர் எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இன்று ஒரு பித்தானைத் தட்டினால் கலர் வந்துவிடும். யந்திரம் தான் பார்த்துப் பழகிய படங்களின் சராசரியைத் தூக்கி அந்த உடம்புகளின் மேல் போடும். அந்தக் கலர் யாருடையது? நான் போடமாட்டேன். பாபாசாகேபின் கருப்பு வெள்ளைப் படங்களுக்கும் அப்படித்தான் கன்னத்தில் ரோஸ் ஏற்றி உதட்டைச் சிவப்பாக்கிச் சுற்றவிடுகிறார்கள். சிலைக்கு நீலக்கோட்டு போடுவது வேறு. 1942இல் அவர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம், அந்த நீலம் நம்ம அறிவிப்பு, அதை யாரும் போட்டோ என்று நினைக்கப் போவதில்லை. ஆனால் போட்டோ என்று சொல்லி அவர் தோலை மாற்றுவது, அவரிடமும் எதையோ மறைக்க வேண்டியிருக்கிறது என்று ஒத்துக்கொள்வது.

இயக்கத் தோழர்களுக்கு ஒரு விசயம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலனியில் அடிபட்டவர்களை நாம் செல்போனில் எடுக்கிறோம். கருத்த தோலில் கன்றிப்போன இடம் சிவப்பாகத் தெரியாது, கூடுதல் கருப்பாக, லேசான ஊதாவாக, சில நேரம் வெறும் வீக்கமாகத்தான் இருக்கும். நேருக்கு நேர் பிளாஷ் அடித்தால் தோல் பளபளத்து அதுவும் போய்விடும். ஆஸ்பத்திரியில் "காயம் ஒண்ணும் இல்லையே" என்பார்கள். உடனே நம்ம ஆள் ஒருத்தர் கலரை ஏற்றிச் சிவப்பைக் கூட்டி வாட்ஸப்பில் போட்டுவிடுவார். அதோடு எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுச் சாட்சியத்தோடு கொடுக்கும் சான்றில் அந்தக் கோப்பின் 'ஹேஷ்' எண்ணையும் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எனவே எடுத்த கோப்பை அப்படியே ஒரு இடத்தில் வைத்துவிட்டு, நகலில்தான் கை வைக்கணும். வாட்ஸப்பில் வந்த நகல் மூலம் ஆகாது, அது சாதாரணமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. எடுக்கும்போதே சரியாக எடுத்துவிட்டால் பாதித் திருத்தம் மிச்சம். பிளாஷை அணைத்துவிட்டு நிழலில் நிற்கவையுங்கள். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழட்டும், அப்போது வீக்கம் நிழல் கட்டித் தெரியும். காயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வெள்ளைக் காகிதமும் வையுங்கள். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்த படத்தில் ஆளே நீலமாக இருப்பார், அந்தக் காகிதம் இருந்தால் நீலம் யாருடையது என்று காட்டிவிடலாம்.

ஸ்டூடியோவுக்குத் திரும்புகிறேன். "எவ்ளோ வேணும்னு நீங்களே சொல்லுங்கத்தை" என்று பையன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அத்தை உட்கார்ந்தாள். முதலில் சாயங்கால வெயிலின் மஞ்சளை எடுத்தான். அப்புறம் நிழலான இடத்தை மட்டும் மெல்ல மெல்லத் தூக்கினான். கண் வந்தது. கன்னத்து எலும்பு வந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கினபோது முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு கோப்பில் கருப்பிலிருந்து வெள்ளைக்கு 256 படிதான், கருப்பின் அடியில் இருக்கிற படிகள் கொஞ்சம், அதையே இழுத்து இழுத்துப் பரப்பினால் கிழிந்த துணியாகத்தான் வரும். "எறக்குடா, எறக்கு" என்றாள் அத்தை. இறக்கினான். அவள் தன் முழங்கையை நீட்டி மானிட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் கை பச்சையடித்தது. "இங்க தெரியாது, வெளிய வா" என்று அவனைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். வேப்பமர நிழலில் கையை நீட்டினாள். "எங்கம்மா இதைவிட ஒரு பிடி கருப்பு. ஆனா மினுக்கு இருக்கும். எண்ணெ தேச்சா மாதிரி." அவன் அந்தக் கையைத் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

இருபது நிமிசம் ஆகியிருக்கும். சிவப்பு ஒரு இழை கூட்டினான், கன்னத்தில் இருந்த மினுமினுப்பை அழிக்காமல் விட்டான். தோலை வழவழப்பாக்குகிற பித்தானை அத்தை தொடவிடவில்லை. வானம் வெளுத்தே கிடந்தது, அதைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை. "நிறுத்து" என்றாள் ஒரு இடத்தில். அவன் நிறுத்தினான்.

பிளக்ஸ் வேறு கடையில், வேறு மெஷினில் அடித்தது, அதில் ஆயா செம்மண் கலரில் வந்தாள். மறுபடி அடிக்கக் காசில்லை. காரியம் முடிந்த வாரமே மழையில் கிழிந்தது. பிரேம் நன்றாக வந்தது. அத்தை வாங்கி முந்தானையால் துடைத்து, கிட்ட வைத்துப் பார்த்து, "மூக்குத்தி தெரியுது" என்றாள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் போனைத் திறந்தால் முதலில் வருவது இன்றைக்கும் அந்த வெளுத்த ஆயாதான்.